200 ரூபாயில் காஞ்சி

தாமலில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் காஞ்சிபுரம் தெரியும் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரி இருக்கும் தெரு, கோர்ட் இருக்கும் தெரு, ராஜாஜி மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு. அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பிள்ளையார்பாளையத்தின் சந்துகளைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். முப்பது வருஷம் அங்கேயிருந்து பாவும் பட்டும் வாங்கி வந்து, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

போன வருஷம் தறியைப் பிரித்துவிட்டோம். முட்டி ஒத்துழைக்கவில்லை. கூலியும் கட்டவில்லை. தறி இருந்த கூடத்தில் இப்போது பீரோ நிற்கிறது. குழியை மண்போட்டு மூடி மேலே சிமென்ட் பூசியாயிற்று. அதன்பிறகுதான் அம்மாவுக்கு 'சும்மா இருக்கிற நாள்' என்று ஒன்று வந்தது. அப்படி ஒரு நாளில் கேட்டேன்: "ம்மா, நீ கைலாசநாதர் கோயில் பாத்திருக்கியா?"

"அது எங்க கீது?"

பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில். அவள் முப்பது வருஷம் போய்வந்த தெருக்களிலிருந்து அரைமணி நேர நடைகூட இல்லை.

"சேலைய குடுத்தமா, கூலிய வாங்கனமா, பஸ்ஸ புடிச்சமான்னு இருக்கும். கோயிலுக்கு எங்கடி போறது?"

அப்படித்தான் இந்தப் பயணம் முடிவாயிற்று. ஒரே நாள். மேல்செலவுக்கு 200 ரூபாய். அதற்குமேல் எடுத்தால் அம்மா வரமாட்டாள்.

*

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. இதனால் என்னென்ன மாறியது என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த மாற்றம் சின்னது. காரணம் இல்லாமல் ஊருக்குப் போகலாம் என்ற நினைப்பு எங்கள் தெருப் பெண்களுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பஸ் ஏற ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, காய்ச்சல், கூலி. அன்று கண்டக்டர் கிழித்துக் கொடுத்த இலவசச் சீட்டை அம்மா பர்சில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

தாமலிலிருந்து காஞ்சிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு போகிறது. அதில் சீறிப்போகும் கார்க்காரர்களுக்குத் தாமல் என்பது ஒரு பெரிய ஏரி, ஒரு பெயர்ப்பலகை. ஆனால் பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களைப் பட்டியல் போட்டால் அதில் தாமலும் ஒன்று. இன்றைய கணக்கில் மாவட்டமோ தாலுகாவோ மாதிரி ஒரு பிரிவு. காஞ்சி இருந்தது எயில் கோட்டத்தில். ஆக, அன்று நாங்கள் ஒரு கோட்டத்தின் தலையூரிலிருந்து இன்னொரு கோட்டத்துக்குப் போனோம். அம்மாவிடம் சொன்னேன். "அப்பவே நம்ம ஊரு பெருசா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது.

குறைந்த காசில் காஞ்சிக்குப் போவது புதிய யோசனை இல்லை. கையில் காசே இல்லாதவன் காஞ்சிக்குப் போக ஒரு வழிகாட்டி 500 அடிகளில் தமிழில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியில் தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வழியில் பசியோடு வரும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். எயினர் குடியில் புல்லரிசிச் சோறு. இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்ணெல் சோற்றோடு கோழிக்கறி. வலைஞர் குடியில் கள்ளும் மீனும். அந்தணர் வீட்டில் மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வதக்கிய கறியும் மாவடுவும். நடுவே நீர்ப்பெயற்று என்ற துறைமுகம், இரவில் கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கு, திருவெஃகாவில் பள்ளிகொண்ட மாயோன். கடைசியில் காஞ்சி.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்பது அரசனைப் புகழும் வகை என்று பள்ளியில் படித்தோம். அது சரிதான். ஆனால் அந்த 500 அடிகளில் அரசன் வருவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது. அதுவரை பேச்செல்லாம் சோற்றைப் பற்றியும் வழியைப் பற்றியும்தான். இல்லாதவன் இன்னொரு இல்லாதவனுக்குச் சொல்லும் பேச்சு அது.

எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அம்மா விடியற்காலையிலேயே புளிசோறு கட்டி எடுத்துக்கொண்டாள்.

*

காஞ்சியை ஒரு நாளில் பார்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உச்சிப்பொழுதில் கோயில்கள் நடைசாத்திவிடும். பகல் 12 மணி சுமாருக்கு மூடினால் திறக்க 4 மணி ஆகும். எனவே காலையை வீணாக்கக் கூடாது. நாங்கள் ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்து, எட்டு மணிக்கெல்லாம் கைலாசநாதர் கோயில் வாசலில் இருந்தோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. தொல்லியல் துறையின் புல்வெளி. கூட்டமே இல்லை.

ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் இது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததே. அதுவரை பாறையைக் குடைந்தும் செதுக்கியும் கோயில் செய்தவர்கள், கல்லை அடுக்கிக் கோயில் கட்டிப் பார்த்த காலம் அது. அடியில் பாரம் தாங்கக் கருங்கல் வைத்தார்கள். மேலே செதுக்க வசதியாக மணற்கல். செதுக்க வசதியான கல் கரையவும் வசதியானது. 1300 வருஷ மழை, காற்று. பிற்காலத்தில் அரித்த இடங்களில் சுதை பூசியிருக்கிறார்கள். ஒரு சிங்கத்துக்கு முகம் கூர்மையாக இருக்கிறது, பக்கத்துச் சிங்கத்துக்கு முகமே இல்லை.

பிராகாரத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னிதிகள், 58. வெளியே முகப்பில் தனியாக எட்டு. அந்த எட்டில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை. ராஜசிம்மனின் அரசி. அவள் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. "பொம்பள கட்டனதா?" என்று அம்மா திரும்பவும் ஒருமுறை வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

உள்ளே சின்னச் சன்னிதிகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். ராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் வரிவரியாக ஓடுகின்றன. அத்யந்தகாமன், ரணஜயன், ஸ்ரீநிதி, ஸ்ரீபரன் என்று இருநூறுக்கும் மேல். அலங்காரமான எழுத்துகள், வெவ்வேறு லிபிகள். ஒரு ராஜா தன் பெயரை இத்தனை தரம் எழுதிக்கொள்வது இன்று பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும், நம் ஊர் பேனர்களை நினைத்தால். ஆனால் சில சன்னிதிகளுக்குள் தலையை நீட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஓவியத்தின் துண்டுகள். பாதி முகம், ஒரு கண், ஒரு மகுடத்தின் ஓரம். 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இவற்றைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொல்லும்வரை மேற்பூச்சுக்குக் கீழே மறைந்துகிடந்தன. அப்படியென்றால் நாம் இன்று பார்க்கும் இந்த மண்நிறக் கோயில் ஒரு காலத்தில் முழுக்க வண்ணமாக இருந்திருக்கும்.

கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகிய வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து, இருட்டில் நெளிந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும். வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அம்மா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"தறிக்குழில எறங்கி ஏறன மாரிதான் இருக்குது. முப்பது வருஷம் எறங்கி ஏறியாச்சு. எனக்கு இது வேணாம், நீ போய்ட்டு வா."

*

இந்தக் கோயிலில் எனக்கு முக்கியமாகப்பட்டது ஒரு தூண். மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. எதிரி எழுதியது.

பல்லவர்களுக்கும் வாதாபிச் சாளுக்கியர்களுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பகை. மாமல்லன் நரசிம்மவர்மன் வாதாபியை எரித்த கதை நமக்குத் தெரியும். கல்கி புண்ணியத்தில் ரொம்பவே தெரியும். திருப்பி அவர்கள் வந்த கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எட்டாம் நூற்றாண்டின் முன்பாதியில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிக்குப் பழி என்றால் இந்தக் கோயில் இன்று இருந்திருக்கக் கூடாது. ஆனால் அவன் ஊரை அழிக்கவில்லை. ராஜசிம்மேசுவரத்தின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திரும்பக் கொடுத்தான். அதைத் தன் மொழியில் தூணில் வெட்டிவைத்தான்.

அவன் அரசி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள். இன்றைக்கு விருபாட்சர் கோயில் என்று உலகமே போய்ப் பார்க்கும் கோயில். அதன் விமானத்தைப் பார்த்தவர்களுக்குக் கைலாசநாதர் ஞாபகம் வராமல் இருக்காது. தோற்ற ஊரின் கோயில், ஜெயித்த ஊரின் கோயிலுக்கு அச்சாகிவிட்டது.

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னபோது கேட்டாள்: "அவனுக்கு கோவமே வர்லயா?" யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்வி. வந்திருக்கும். கோபம் வந்தவன் எல்லாவற்றையும் உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். வரலாற்றை வைத்துக்கொண்டு இன்று ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறவர்களை இந்தத் தூணுக்கு முன் ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. டிக்கெட்கூடக் கிடையாது.

*

அடுத்து ஷேர் ஆட்டோ. ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது, 59 மீட்டர் உயரம். இந்த ஊரில் நெசவுக்கு இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்று, தேவர்களுக்குத் தாமரை நூலில் துணி நெய்த மார்க்கண்டேய முனிவரின் வழி. இன்னொன்று, விஜயநகர ராஜாக்கள் காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து நெசவாளர்கள் வந்தார்கள் என்பது. முதல் கதை காலமே இல்லாதது. இரண்டாவது ஐநூறு வருஷம். அம்மா இரண்டையும் நம்புகிறாள்.

மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது. அதற்குச் செப்பேடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உலகளந்த பெருமாள் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஒரே மதிலுக்குள் நான்கு திவ்யதேசங்கள் உள்ள கோயில். உள்ளே ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி, முப்பது அடிக்கும் மேலே நிற்கிறார் பெருமாள். பழைய பெயர் ஊரகம்.

சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. ராஜராஜனுக்கு முந்தைய ராஜா. காலம் பத்தாம் நூற்றாண்டின் இறுதி. அந்தச் செப்பேடு பேசுவது இந்த ஊரகத்துக் கோயிலின் வரவுசெலவைப் பற்றி. கச்சிப்பேடு என்று அன்று அழைக்கப்பட்ட காஞ்சியில் நான்கு குடியிருப்புகளில் பட்டசாலிகள், அதாவது அரசனுக்குத் துணி நெய்கிறவர்கள், வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வரிச்சலுகை இருந்தது. பதிலுக்கு அவர்களிடம் கொடுக்கப்பட்ட பொறுப்பு, இந்தக் கோயிலின் காரியங்களைப் பார்ப்பது. ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விட்ட பொன், அதற்கு வரும் நெல், பூசைக்கும் விழாவுக்கும் ஆகும் செலவு. இதன் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் உண்டு.

அதாவது, ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தப் பெருமாளின் கணக்குப்பிள்ளைகள் நெசவாளர்கள். விஜயநகரம் பிறப்பதற்கே இன்னும் முந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நம்ம கணக்கயே நாம பாத்ததில்ல" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பாவுக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் வேறு ஒருவர் நோட்டில் இருக்கும். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு வருவதுதான் அவள் அறிந்த கணக்கு. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோர்வை போட்டு, உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பூட்டுவது இதன் அடையாளம். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் கரைநாடா எடுத்துக்கொடுக்க நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அதுதான் வேலை. பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் இன்று தறிச் சத்தம் கேட்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். காலையில் தெருநீளத்துக்குப் பாவு விரித்து, ஆளாளுக்கு ஒரு கை பிடித்து நின்ற தெருப்பாவை என் தம்பி மகள் பார்த்ததேயில்லை.

*

உச்சிப்பொழுது. ஒரு குளக்கரை மரநிழலில் புளிசோறு. பிறகு டீ, 24 ரூபாய். நடை திறக்க நேரம் இருந்தது. அம்மாவுக்கு மத்தவிலாசம் கதையைச் சொன்னேன். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் எழுதிய நகைச்சுவை நாடகம். கதை நடப்பது இதே காஞ்சித் தெருவில். குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு கபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவிதான் திருடினான் என்று சண்டை. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன். கடைசியில் எடுத்துப்போனது ஒரு நாய். அதனிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் கைக்கு வந்திருக்கிறது. ராஜா எழுதிய நாடகத்தில் ராஜாவின் தலைநகரம் இப்படி இருக்கிறது! அதே நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட விகாரங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். மணிமேகலை வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். கோயில் நகரம் என்று இன்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அன்று தெருவுக்குத் தெரு வேறு வேறு கடவுள், கடவுள் இல்லை என்றவர்களும்கூட.

நாலு மணிக்கு வைகுண்டப் பெருமாள் கோயில். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். அதனால்தான் அதைக் கடைசிக்கு வைத்தோம். இரண்டாம் நந்திவர்மன் பல்லவமல்லன் எட்டாம் நூற்றாண்டில் கட்டியது. மூன்று தளங்களில் பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும். சுற்றுமண்டபத்துச் சுவர் முழுக்கச் சிற்பங்கள். புராணக் கதை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அது பல்லவ வம்சத்தின் கதை. ராஜா செத்துப்போகிறான், வாரிசு இல்லை. நகரத்துப் பெரியவர்களும் அதிகாரிகளும் கிளம்பி, பல்லவக் கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போகிறார்கள். அவனுடைய நான்கு மகன்களில் மூன்று பேர் முடியாது என்றுவிட, கடைசியாகப் பன்னிரண்டு வயதுப் பையன் நான் போகிறேன் என்கிறான். மலையும் காடும் ஆறும் தாண்டிக் காஞ்சிக்கு வந்து முடிசூடுகிறான். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன்.

இந்தச் சுவரை வரிசையாக வாசித்துக் காட்டியவர் மீனாட்சி. சி. மீனாட்சி, 1905இல் பிறந்தவர். பல்லவர் ஆட்சி பற்றிய ஆய்வுக்காக 1936இல் முனைவர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். இந்தச் சிற்பங்களைப் பற்றிய அவர் நூலைத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1940இலேயே இறந்துவிட்டார். இன்று எந்த வழிகாட்டி இந்தச் சுவரைக் காட்டிக் கதை சொன்னாலும், பெயர் தெரியாமலேயே அந்தப் பெண்ணின் உழைப்பில்தான் சொல்கிறார்.

அம்மா அந்தச் சுவரில் கதையைப் பார்க்கவில்லை. தூண்களில் எழுந்து நிற்கும் சிங்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கைலாசநாதரிலும் அதையேதான் பார்த்தாள். "கரையில போடுவோமே யாளி, இதான் அது" என்றாள். யாளி, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, தாழம்பூ ரேக்கு என்று முப்பது வருஷம் நெய்தவள். நெய்த உருவம் இந்த ஊர்க் கல்லில் இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு அதைப் பார்க்க நேரம் இருந்ததுமில்லை. நான் சொன்ன ராஜா கதைகளைவிட அவள் தானாகக் கண்டுபிடித்த இது பெரிதென்று எனக்குப் பட்டது.

*

கணக்கு: பஸ் 0. டீ 24. ஷேர் ஆட்டோ 30. பூவும் கற்பூரமும் 30. செருப்பு வைக்க 10. சாயங்காலம் மிளகும் சீரகமும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி 60. மொத்தம் 154. மீதி 46 ரூபாயை அம்மா என்னிடம் தரவில்லை.

வரதராஜப் பெருமாள் விட்டுப்போயிற்று. காமாட்சியம்மன் விட்டுப்போயிற்று. ஒரு நாளில் அவ்வளவுதான் முடியும்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு இடம் கிடைத்தது, நான் நின்றேன். பக்கத்துச் சீட்டில் மடியில் மாத்திரைப் பையோடு ஓர் அக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர். ஒலிமுகமதுபேட்டை தாண்டியதும் அம்மா அவரிடம் பேச ஆரம்பித்தாள்.

"பிள்ளையார்பாளையத்தாண்ட ஒரு கோயில் கீது, பாத்திருக்கியா? காசு இல்ல ஒன்னும் இல்ல. காலையிலயே போய்டணும், மத்தியானம் மூடிடுவான். உள்ள ஒரு தூணு இருக்குது, அது நம்ம ஆளு எழுதனது இல்ல..."

தாமல் ஏரிக்கரை வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.